ஒன்றரை மடங்கு வாங்கித் தந்த அம்மையார்

ஓவர்டைம் என்றால் என்னவென்று ஆலைத் தொழிலாளிக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. சங்கு ஊதிய பிறகும் எந்திரத்தருகே நிற்பவன் அவன். எத்தனை மணி நேரம் கணக்கில் ஏறிற்று, எத்தனை மணி நேரம் விழுங்கப்பட்டது என்று சம்பள நாளன்று விரல்விட்டு எண்ணிப் பார்ப்பவனும் அவனே. நம் நாட்டிலே 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வாரத்துக்கு 48 மணி என்று எல்லை கட்டி, அதற்கு மேல் உழைத்தால் இரட்டைக் கூலி என்று எழுதிற்று. எல்லையையும் கூலியையும் ஒரே முடிச்சிலே போட்டது ஏன்? எல்லை மட்டும் போதாதா? கூலி உயர்வு மட்டும் போதாதா? இந்தக் கேள்விக்கு விடை தேடுவோர் அமெரிக்க நாட்டு அம்மையார் ஒருவரின் வாழ்க்கையை அறிந்துகொள்வது நலம். பெயர் பிரான்சிஸ் பெர்க்கின்ஸ்.

1880இல் பாஸ்டன் நகரில் பிறந்தவர். வசதியான குடும்பம். ஏழைகள் ஏழைகளாக இருப்பது குடியினாலும் சோம்பலினாலும்தான் என்று பேசப்படும் வீடுகளில் ஒன்று. அந்தப் பேச்சைக் கேட்டு வளர்ந்த பெண், மவுண்ட் ஹோலியோக் கல்லூரியிலே படிக்கச் சென்றார். அங்கே ஓர் ஆசிரியை, பாடம் புத்தகத்தோடு முடிந்துவிடுவதில்லை என்று கூறி, மாணவிகளைப் பக்கத்திலிருந்த ஆலைகளுக்குச் சென்று பார்த்துவரச் செய்தார். கையை எந்திரத்துக்குப் பறிகொடுத்தவன் குடிக்காதவனாக இருந்தாலும் அவன் குடும்பம் பட்டினிதான் என்பதைப் பெர்க்கின்ஸ் கண்டார். வீட்டிலே கேட்ட தத்துவம் அன்றே ஆட்டங்கண்டது. பிறகு சிகாகோவில் சேரி மக்களிடையே தொண்டு, நியூயார்க்கில் மேற்படிப்பு, நுகர்வோர் கழகம் என்ற அமைப்பிலே பணி. பெண் தொழிலாளரின் வேலை நேரத்தை வாரத்துக்கு 54 மணியாகக் குறைக்க ஒரு மசோதா வேண்டும் என்று நியூயார்க் மாநிலச் சட்டசபையின் வாசலிலே காத்துக்கிடப்பதே அந்தப் பணி.

1911 மார்ச் 25, சனிக்கிழமை. நியூயார்க்கில் ஒரு வீட்டிலே தேநீர் விருந்து. பக்கத்திலே தீ, தீ என்ற கூக்குரல். ஓடினார் அம்மையார். டிரையாங்கிள் ரவிக்கைத் தொழிற்சாலை எரிந்துகொண்டிருந்தது. கட்டிடத்தின் மேல் மாடிகள் மூன்றிலே தொழிற்சாலை, கதவு பூட்டியிருந்தது, தீயணைப்புப் படையின் ஏணி அவ்வளவு உயரத்துக்கு எட்டவில்லை. சன்னல் வழியே பெண்கள் குதித்தனர். கண்ணெதிரே குதித்தனர். மாண்டவர் 146 பேர். பெரும்பாலோர் பிழைப்புத் தேடி வந்த யூத, இத்தாலியக் குடும்பங்களின் இளம் பெண்கள். அன்று பார்த்ததை அம்மையார் சாகும்வரை மறக்கவில்லை.

தீக்குப் பிறகு மாநில அரசு ஒரு விசாரணைக் குழு அமைத்தது. அதிலே அம்மையார் செய்த வேலையை நாம் மிகவும் மெச்சுகிறோம். அறிக்கை எழுதிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிடவில்லை. சட்டசபைப் பெரியவர்களைக் கையோடு அழைத்துச் சென்று, இரவெல்லாம் உழைத்த பெண்கள் விடியலிலே தள்ளாடி வெளியே வருவதைப் பார்க்க வைத்தார். ஆலையிலே தப்பிக்கும் வழி என்று எழுதி வைத்திருந்த சிறு துவாரத்தின் வழியே செனட்டர் வாக்னரை ஊர்ந்துபோகச் செய்து, அந்தப் பக்கம் பனி உறைந்த ஏணி எப்படியிருக்கிறது என்று காட்டினார். கோட்டும் தொப்பியுமாக வந்த கனவான் அப்படி ஊர்ந்த பிறகு, ஆலைகள் பாதுகாப்பானவை என்று எந்த முதலாளி சொன்னால்தான் நம்புவார்?

1912இல் அந்த 54 மணி மசோதா ஓட்டுக்கு வந்தது. அப்போது நேர்ந்தது ஒரு தர்மசங்கடம். காய்கறியையும் பழத்தையும் டப்பாவில் அடைக்கும் ஆலைகளின் முதலாளிகள் செல்வாக்குமிக்கவர்கள். அந்த ஆலைப் பெண்களை விலக்கினால் மசோதா நிறைவேறும், விலக்காவிட்டால் செத்துவிடும். விட்டுக்கொடுக்கக் கூடாது என்பது கழகத்தின் கட்டளை. அம்மையார் அங்கேயே நின்று முடிவெடுக்க வேண்டியிருந்தது. கிடைத்ததை வாங்கிக்கொள்வோம் என்றார். படகேறி ஊருக்குக் கிளம்பிவிட்ட ஆதரவாளர் இருவரைத் திரும்ப அழைத்து, அவர்கள் ஓடோடி வந்து ஓட்டளிக்க, மசோதா நிறைவேறிற்று. தலைமையின் கோபத்துக்கு அஞ்சியபடி இருந்தார். ஆனால் தலைவி புளோரன்ஸ் கெல்லியோ மகிழ்ந்தார். விலக்கப்பட்ட டப்பா ஆலைப் பெண்கள் மகிழ்ந்திருக்க மாட்டார்கள் என்பதையும் நாம் சொல்லியாக வேண்டும்.

பெண்களுக்கு எல்லை வந்தது. ஆண்களுக்கு? ரொட்டித் தொழிலாளிக்கு வாரம் 60 மணி என்று நியூயார்க் போட்ட சட்டத்தை 1905இலேயே அமெரிக்க சுப்ரீம் கோர்ட் அடித்துப் போட்டிருந்தது. முதலாளியும் தொழிலாளியும் மனமொப்பிச் செய்துகொள்ளும் ஒப்பந்தத்திலே அரசு தலையிடக் கூடாதாம்! பசித்தவனும் பண்டகசாலைக்காரனும் சரிசமமாக உட்கார்ந்து பேரம் பேசுகிறார்களாம்! வழி திறந்தது 1917இல். ஆரிகன் மாநிலம் ஒரு சட்டம் செய்திருந்தது. ஒரு நாளைக்குப் பத்து மணி. அதற்கு மேல் மூன்று மணி வரை வேலை வாங்கலாம், ஆனால் ஒன்றரை மடங்கு கூலி தரவேண்டும். மாவு ஆலை ஒன்று 13 மணி நேரம் வேலை வாங்கி, கூடுதல் கூலி தராமல் மாட்டிக்கொண்டது. சட்டம் செல்லும் என்றது கோர்ட். அந்தச் சட்டத்துக்காக வாதாட ஏற்பாடு செய்தது நுகர்வோர் கழகத்தின் தேசிய அமைப்பே.

அடுத்த காட்சி 1933. பொருளாதாரப் பெருமந்தம். நாலிலே ஒரு தொழிலாளிக்கு வேலையில்லை. ஜனாதிபதியான ரூஸ்வெல்ட், தொழிலாளர் இலாகாவுக்குப் பெர்க்கின்ஸ் அம்மையாரை மந்திரியாக அழைத்தார். அந்நாட்டு மந்திரிசபையிலே பெண் ஒருவர் அமர்வது அதுவே முதல் தடவை. தொழிற்சங்கத் தலைவர்களே முகம் சுளித்தனர். சங்கத்திலிருந்து வந்த ஆண் ஒருவருக்குரிய நாற்காலி அது என்பது அவர்கள் எண்ணம். அம்மையார் பதவிக்குப் பறக்கவில்லை. வேலை நேர எல்லை, குறைந்தபட்சக் கூலி, குழந்தை உழைப்பு ஒழிப்பு, வேலையில்லாதோர்க்கு இன்ஷூரன்ஸ், முதியோருக்கு உதவி என்று பட்டியல் போட்டுக்கொண்டு சென்றார். இவற்றுக்குத் துணை நிற்பதாயின் வருகிறேன் என்றார். ரூஸ்வெல்ட் ஒப்பினார்.

வந்ததும் வராததுமாக ஒரு சோதனை. வாரத்துக்கு 30 மணிதான் வேலை என்று செனட்டர் பிளாக் கொண்டுவந்த மசோதா செனட்டிலே நிறைவேறிவிட்டது. இருக்கும் வேலையைப் பலருக்குப் பங்கிட்டுக் கொடுப்பது நோக்கம். நல்ல நோக்கம்தானே, தொழிலாளர் மந்திரி ஏன் தயங்கினார்? கணக்குக்காக ஒருவனுக்கு மணிக்கு 40 சென்ட் கூலி என்று வைத்துக்கொள்வோம். 48 மணி உழைத்தால் வாரத்துக்கு 19 டாலர் 20 சென்ட். 30 மணியென்று நிறுத்திவிட்டால் 12 டாலர். வேலை பங்கிடப்படும், உண்மை. கூடவே சோறும் பங்கிடப்படும். முதலாளிக்கு ஒரு காசு நட்டமில்லை. ஒரு ஏழை இன்னொரு ஏழைக்குப் பிடியரிசி போட்ட கதையாக முடியும். ஆகவே நேரத்துக்கு எல்லை கட்டும்போதே கூலிக்கும் காப்புக் கட்ட வேண்டும், தொழிலுக்குத் தக்கபடி நெளிவுசுளிவும் வேண்டும் என்று அம்மையார் வாதாடினார். நேரத்தைக் குறை என்ற முழக்கத்தோடு கூலியைக் குறைக்காதே என்ற முழக்கமும் சேர்ந்தால்தான் முழு முழக்கம் என்பதை நம் தோழர்களும் அறிவார்கள்.

பிளாக்கின் மசோதா கைவிடப்பட்டது. அதற்கு மாற்றாக வந்த தொழில் மீட்புச் சட்டத்தையும் 1935 மே 27இல் சுப்ரீம் கோர்ட் ஒரே அடியில் சாய்த்தது. கோழி வியாபாரிகள் மீதான வழக்கிலே சாய்ந்தது ஒரு நாட்டின் தொழில் சட்டம்! அம்மையார் கலங்கவில்லை. இப்படி நடக்கும் என்று எதிர்பார்த்து, இரண்டு மசோதாக்களை எழுதி மேசை இழுப்பறையிலே பூட்டி வைத்திருந்தார். அவற்றிலே ஒன்று 1936இல் சட்டமாயிற்று: சர்க்காருக்குச் சரக்கு விற்கும் கம்பெனிகள் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 40 மணி, மேற்பட்டால் ஒன்றரை மடங்கு. இன்னொன்று எல்லாத் தொழில்களுக்குமானது. 1937 மார்ச்சிலே குறைந்தபட்சக் கூலி வழக்கொன்றில் கோர்ட் தன் போக்கை மாற்றிக்கொண்டதும் அதற்கும் நல்ல காலம் பிறந்தது.

எளிதாகப் பிறக்கவில்லை. அமெரிக்கப் பார்லிமெண்டுக்குக் காங்கிரஸ் என்று பெயர்; நம் ஊர்க் கட்சியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அந்தக் காங்கிரசிலே ஓராண்டுக்கு மேல் மசோதா பந்தாடப்பட்டது. தென்மாநிலத்து உறுப்பினர்கள் குறைந்த கூலியே தங்கள் ஊர்த் தொழிலின் உயிர்நாடி என்றனர். சங்கத் தலைவர்கள் சிலரும், கூலியைச் சட்டம் நிர்ணயித்தால் சங்கத்துக்கு என்ன வேலை என்று ஐயுற்றனர். வெட்டியும் ஒட்டியும் கடைசியில் 1938 ஜூன் 25இல் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்டார். அக்டோபர் 24 முதல் அமல். மணிக்கு 25 சென்ட் குறைந்தபட்சக் கூலி. வேலை நேரம் முதல் ஆண்டு 44 மணி, இரண்டாம் ஆண்டு 42, 1940 அக்டோபர் முதல் 40. மேற்பட்ட ஒவ்வொரு மணிக்கும் ஒன்றரை மடங்கு.

இங்கேதான் நுட்பம் இருக்கிறது. 40 மணிக்கு மேல் வேலை வாங்காதே என்று அந்தச் சட்டம் சொல்லவே இல்லை! வயது வந்தவனிடம் எத்தனை மணி வேண்டுமானாலும் வாங்கிக்கொள், விலையைக் கொடு என்பதுதான் சட்டம். நாம் சொன்ன 40 சென்ட் தொழிலாளி அதே 48 மணி உழைக்கிறான் என்று கொள்வோம். எல்லை 44 ஆனபோது அவனுக்கு 20 டாலர். 42 ஆனதும் 20 டாலர் 40 சென்ட். 40 ஆனதும் 20 டாலர் 80 சென்ட். மணிக்கூலி உயரவில்லை, உழைப்பு கூடவில்லை, கோடு மட்டும் கீழே இறங்கிற்று, கூலி மேலே ஏறிற்று. முதலாளி பக்கம் பார்ப்போம். நூறு பேரை 48 மணி உழைக்கச் சொன்னால் வாரச் செலவு 2,080 டாலர். அதே வேலைக்கு 120 பேரை வைத்து 40 மணியோடு அனுப்பிவிட்டால் 1,920 டாலர். 160 டாலர் மிச்சம். இருபது பேருக்கு வேலை. அறம் பேசி அசைக்க முடியாத நெஞ்சை, கணக்குப் பேசி அசைத்தது சட்டம்.

யுத்தம் வந்தது. 40 மணிச் சட்டத்தைக் கிடப்பிலே போடு, நாட்டுக்கு ஆபத்து என்று கூச்சல் கிளம்பிற்று. கிடப்பிலே போட வேண்டிய தேவை என்ன? 48 மணி வேலையைச் சட்டம் தடுக்கவில்லையே! 1943இல் ஆள் பற்றாக்குறையுள்ள பகுதிகளில் 48 மணி வேலை என்று ரூஸ்வெல்ட்டே உத்தரவிட்டார். சட்டம் அப்படியே நின்றது. 48 மணி உழைத்தவன் 52 மணிக்குரிய கூலியோடு வீடு திரும்பினான்.

முதலாளிகள் சும்மா இருந்தார்களா? வாரச் சம்பளம் என்று பேசி முடித்துவிட்டோம், எத்தனை மணியானாலும் அதற்குள் அடக்கம் என்று ஒரு சரக்கு லாரிக் கம்பெனி வாதாடிற்று. 1942இல் சுப்ரீம் கோர்ட் அதை ஏற்கவில்லை. வாரச் சம்பளத்தை உழைத்த மணியால் வகுத்து வருவதே மணிக்கூலி. எல்லைக்கு மேற்பட்டதற்கு அதிலே ஒன்றரை மடங்கு என்றது. வெற்றிதான். ஆனால் மணி கூடக் கூட வகுத்து வரும் கூலி குறைந்துகொண்டே போகும் என்பதைக் கணக்குத் தெரிந்த தோழர்கள் கண்டுகொள்வார்கள். சம்பளம் பேசும்போது எத்தனை மணிக்கு என்று கேட்டு வைப்பது எந்த நாட்டிலும் நல்லது.

அம்மையார் பன்னிரண்டு ஆண்டு மந்திரியாக இருந்தார். துறைமுகத் தொழிலாளர் தலைவர் ஒருவரை நாடு கடத்தவில்லை என்பதற்காக 1939இல் அவரைப் பதவியிலிருந்து நீக்கவே ஒரு தீர்மானம் வந்து தோற்றது. வீட்டிலே கணவர் நெடுங்கால மனநோயாளி. சம்பாதித்துக் குடும்பம் தாங்கியவர் அம்மையாரே. இந்தத் துயரைப் பத்திரிகைகளிடம் ஒருநாளும் பேசவில்லை. பதவி விட்டபின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் தொழிலாளர் பிரச்னை பற்றிப் பாடம் நடத்தினார். 1965 மே 14இல் நியூயார்க்கில் மறைந்தார். தொழிலாளர் இலாகாவின் தலைமைக் கட்டிடத்துக்கு 1980இல் அவர் பெயரைச் சூட்டினர்.

ஆனால் 1938ஆம் ஆண்டுச் சட்டத்திலும் ஒரு டப்பா ஆலைக் கதை உண்டு. பண்ணைக் கூலிகளும் வீட்டு வேலைக்காரர்களும் அதிலே சேர்க்கப்படவில்லை. தென்மாநிலங்களில் அந்த வேலைகளில் மிகுந்திருந்தவர்கள் நீக்ரோ மக்கள் என்று அந்நாளில் அழைக்கப்பட்ட கறுப்பின மக்கள். தென்மாநில ஓட்டு இல்லாமல் மசோதா தேறாது. 1912இல் செய்த பேரம் இன்னும் பெரிய அளவில் நடந்தது. வீட்டு வேலைக்காரர்களைச் சட்டம் எட்டிப் பார்த்தது 1974இல். பண்ணைத் தொழிலாளரில் ஒரு பகுதியினருக்கு, அம்மையார் மறைந்த மறு ஆண்டு, 1966இல் குறைந்தபட்சக் கூலி மட்டும் வந்தது. ஒன்றரை மடங்கு வரவில்லை. சில மாநிலங்கள் தாமாகக் கொடுத்திருக்கின்றன. அமெரிக்க நாட்டின் பொதுச் சட்டத்திலோ, பண்ணையிலே 60 மணி உழைப்பவனுக்கு நாற்பத்தோராவது மணியும் முதல் மணியின் விலைக்கே போகிறது.