தகடு மடித்த கொல்லர் ழான் புரூவே

ஈபிள் டவர் கட்டிய ஈபிலை நமக்கெல்லாம் தெரியும். அதே பிரான்ஸ் நாட்டில் மெல்லிய தகட்டை மடித்தும் வளைத்தும் நாற்காலி முதல் வீடு வரை செய்து காட்டிய ஒரு கொல்லர் இருந்தார். கட்டிடக்கலை உலகம் முழுக்க அறிந்த பெயர். ஆனால் நம்ம பாடப்புத்தகத்தில் இல்லை. அவர்தான் ழான் புரூவே.

1901-ல் பாரீஸில் பிறந்து நான்சி நகரில் வளர்ந்தார். தந்தை விக்டர் புரூவே பெயர்பெற்ற ஓவியர். மகனுக்கோ என்ஜினீயர் ஆக ஆசை. முதல் உலகப்போர் காலம், வீட்டில் பணமில்லை. 1916-ல் எமில் ராபர் என்ற கொல்லரிடம் வேலை பழகப் போனார். உலையும் பட்டடையும் சம்மட்டியும்தான் அவருடைய காலேஜ்! 1924-ல் நான்சியில் சொந்தப் பட்டறை போட்டார். முதலில் கேட், கிரில் வேலைதான். பிறகு எலெக்ட்ரிக் வெல்டிங், தகடு மடிக்கும் பிரஸ் என்று வந்ததும் மனசு தகட்டின் பக்கம் திரும்பிவிட்டது.

ஏன் தகடு? ஷீட் மெட்டல் ஷாப்பில் ட்ரே செய்தவர்களுக்கு இது புரியும். வெறும் தகட்டைத் தூக்கினால் தொய்யும். ஓரத்தை மடித்துவிட்டால் விறைத்து நிற்கும். எடை ஒரு கிராம்கூட ஏறவில்லை, பலம் மட்டும் ஏறிவிட்டது. 1934-ல் அவர் செய்த நாற்காலியைப் பாருங்கள். சாய்ந்து உட்காரும்போது பாரம் பின்னங்காலில்தான் இறங்கும். அதனால் முன்னங்காலுக்குச் சாதாரண பைப். பின்னங்காலுக்கு மடித்த தகடு, சீட் மட்டத்தில் அகலம், மேலும் கீழும் குறுகல். நாம் போடுகிற பெண்டிங் மொமென்ட் டயகிராம்தான் அது!

பாரீஸ் பக்கத்தில் கிளிஷி என்ற ஊரில் 1935 முதல் 1939 வரை கட்டிய மக்கள் மாளிகை இன்னொரு அதிசயம். கீழே மார்க்கெட், மேலே கூட்ட அரங்கு, கூரையே நகரும். அதன் சுவர்ப் பலகைகள் எல்லாம் தகடு. தட்டையான பெரிய தகடு எப்போதும் நெளியும், அமுக்கினால் டப் டப்பென்று சத்தம் போடும். புரூவே என்ன செய்தார் தெரியுமா? இரண்டு தகட்டுக்கு நடுவே மெத்தையில் வைக்கிற மாதிரி ஸ்பிரிங் வைத்தார். தகடு லேசாக வெளியே வளைந்து விறைப்பாக நின்றது. நெளிவு போயே போச்சு.

ஜெர்மன் ஆக்கிரமிப்பை எதிர்த்தவர்களோடு சேர்ந்து நின்றவர், 1944-ல் விடுதலைக்குப் பின் நான்சி மேயரானார். 1947-ல் மாக்ஸெவில்லில் பெரிய தொழிற்சாலை. அங்கே வரைபவரும் செய்பவரும் பக்கத்துப் பக்கத்தில். வரைந்ததை உடனே செய்து பார்த்துத் திருத்துவார்கள். ஆப்பிரிக்காவின் நியாமி நகருக்கு ஒரு வீட்டையே பாகம் பாகமாகப் பிரித்து விமானத்தில் அனுப்பினார்கள்!

முதலீடு போட்ட அலுமினியக் கம்பெனி கைக்கு நிர்வாகம் போனதும் இந்த முறை குலைந்தது. டிசைன் ஒரு பக்கம், உற்பத்தி ஒரு பக்கம். 1953-ல் புரூவே வெளியேறினார். தான் வளர்த்த தொழிற்சாலையில் தனக்கே இடமில்லை. 52 வயதில் பட்டறை இல்லாத கொல்லர்! எனக்கு ரொம்ப வேதனை தந்த இடம் இதுதான். லாபம் முக்கியம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மெஷினைத் தொடாமல் அவரால் எப்படி டிசைன் பண்ண முடியும்?

அடுத்த வருடமே மாக்ஸெவில்லில் மிஞ்சிய பாகங்களைக் கொண்டுவந்து, யாரும் விரும்பாத செங்குத்தான சரிவில், குடும்பத்தாரும் நண்பர்களும் கைகொடுக்கத் தன் வீட்டைக் கட்டினார். 1957-லிருந்து 1970 வரை பாரீஸின் புகழ்பெற்ற தொழிற்கல்லூரியில் பேராசிரியர். என்ஜினீயர் பட்டமும் கிடையாது, ஆர்க்கிடெக்ட் பட்டமும் கிடையாது! கரும்பலகையில் சாக்பீஸால் படம் வரைந்தே பாடம் நடத்துவார். 1971-ல் பாரீஸ் பொம்பிடு மையத்துக்கு டிசைன் தேர்ந்தெடுத்த நடுவர் குழுவுக்கும் அவர்தான் தலைவர், வந்தவை 681.

1984-ல் நான்சியிலேயே காலமானார். மிச்சத் தகட்டில் கட்டிய அந்த வீடு இப்போதும் சரிவில் நிற்கிறது.