பாஸ்கலின் நாற்காலி

(மூன்றாம் ஆண்டு, சிவில்)

ஹைட்ராலிக்ஸ் லேபில் பிரஷர் கேஜைப் பார்த்து, ரெக்கார்டில் 'பாஸ்கல்' என்று எழுதாத டிப்ளமோ மாணவன் உண்டா? மெக்கானிக்கல்காரர்களுக்கு ஹைட்ராலிக் பிரஸ், ஆட்டோமொபைல்காரர்களுக்கு பிரேக், கம்ப்யூட்டர் துறை அண்ணன்மாருக்கு ஒரு காலத்தில் பாஸ்கல் என்ற புரோகிராம் மொழி... எங்கே திரும்பினாலும் அந்தப் பெயர்தான். ஆனால் அந்தப் பெயருக்குப் பின்னால் 39 வருஷம் மட்டுமே வாழ்ந்த, பாதி நாள் படுக்கையில் கிடந்த ஒரு மனிதர் இருந்தார் என்று எத்தனை பேர் யோசித்திருப்போம்? எனக்கு அவரைப் பிடித்துப்போனதற்குக் காரணம் அவருடைய விதி அல்ல. அவருடைய நாற்காலி! அது என்ன நாற்காலி என்று பிறகு சொல்கிறேன்.

பிளேஸ் பாஸ்கல் 1623-ஆம் ஆண்டு ஜூன் 19 அன்று பிரான்ஸ் நாட்டின் கிளெர்மோன் நகரில் பிறந்தார். கைக்குழந்தையாக இருந்தபோதே அவருக்கு ஒரு விசித்திரமான நோய். தண்ணீரைப் பார்த்தாலே வீறிட்டு அழுது துடிப்பாராம். அவருடைய அக்கா மகள் மார்கரீத் எழுதி வைத்த செய்தி இது. யாரோ சூனியம் வைத்துவிட்டதாகவே பலரும் பேசினார்கள். தண்ணீரைக் கண்டு மிரண்ட அந்தக் குழந்தைதான் பிற்காலத்தில் திரவங்களின் அழுத்தத்துக்கே விதி எழுதியது!

மூன்று வயதில் அம்மா போய்விட்டார். அப்பா எத்தியென் வரித்துறை அதிகாரி; பள்ளிக்கு அனுப்பாமல் தானே பாடம் சொல்லிக் கொடுத்தார். சின்ன வயசில் கணக்கு வேண்டாம் என்று புத்தகங்களைப் பூட்டி வைத்தாராம். பையன் சும்மா இருப்பானா? முக்கோணத்தின் மூன்று கோணங்களையும் கூட்டினால் இரண்டு செங்கோணம் என்பதை, 12 வயதில், தரையில் கரியால் வரைந்து தானாகவே கண்டுபிடித்ததாக அக்கா கில்பெர்ட் எழுதியிருக்கிறார்.

அப்பா ருவான் நகரில் ராத்திரி பகலாக வரிக்கணக்குப் பார்த்து அவதிப்பட்டார். அதைப் பார்த்த மகன் 1642-இல் ஒரு கூட்டல் இயந்திரத்தைச் செய்யத் தொடங்கினார். ஒன்பதைத் தாண்டினால் பக்கத்துச் சக்கரம் தானே ஒரு படி நகர வேண்டும். இந்த ஒரு விஷயத்தைச் சரியாகக் கொண்டுவர சுமார் 50 மாதிரிகள் செய்து பார்த்தார். ஒர்க்ஷாப்பில் ஒரு ஜாப் ரிஜெக்ட் ஆனாலே முகம் சுருங்கும் நமக்கு இது ஒரு பாடம்.

அடுத்து அவர் கையில் எடுத்ததுதான் வெற்றிடம். இயற்கை வெற்றிடத்தை வெறுக்கிறது, உலகில் வெறுமையான இடம் என்று ஒன்று கிடையாது என்று அரிஸ்டாட்டில் காலத்திலிருந்து சொல்லி வந்தார்கள். இத்தாலியில் டாரிசெல்லியின் பாதரசக் குழாய் சோதனையில் மேலே கொஞ்சம் இடம் காலியாக நின்றது. அங்கே இருப்பது என்ன? பாஸ்கல் 46 அடி நீளக் கண்ணாடிக் குழாய்களைக் கப்பல் பாய்மரத்தில் கட்டி, தண்ணீரையும் திராட்சை மதுவையும் நிரப்பிச் சோதித்தார். தண்ணீர் சுமார் 10 மீட்டர் உயரத்தில் நின்றது. அதற்கு மேலே இருந்தது வெற்றிடம்தான் என்று 1647-இல் நூல் வெளியிட்டார்.

அந்தச் சமயம் அவர் உடம்பு எப்படி இருந்தது தெரியுமா? சில காலம் ஊன்றுகோல் இல்லாமல் நடக்க முடியவில்லை. சூடான பானத்தைச் சொட்டுச் சொட்டாகத்தான் விழுங்கினார். அதனால் அடுத்த சோதனைக்கு அக்கா கணவர் புளோரென் பெரியேவை நம்பினார். 1648 செப்டம்பர் 19 அன்று அத்தான் பாதரசக் குழாயோடு 1,465 மீட்டர் உயரமுள்ள பூய்-து-தோம் மலையில் ஏறினார். அடிவாரத்து மடத்துத் தோட்டத்தில் இன்னொரு குழாயை வைத்து, நாள் முழுக்க அதைக் கவனிக்க ஓர் ஆள். உச்சியில் பாதரசம் சுமார் எட்டரை சென்டிமீட்டர் இறங்கி நின்றது. கீழே இருந்த குழாயில் அசைவே இல்லை. பாதரசத்தைத் தாங்குவது காற்றின் எடை, மேலே போகப் போக அது குறைகிறது என்பது நிரூபணமாயிற்று. இயற்கைக்கு வெற்றிடத்தின் மேல் வெறுப்புமில்லை, பயமுமில்லை.

ஆனால் மனுஷனுக்கு உண்டே!

இங்கே என் சொந்த விஷயம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இரண்டாம் ஆண்டு சர்வே பிராக்டிகல், வறண்ட ஏரியில். கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு மரம் கிடையாது. ரேஞ்சிங் ராடை எடுத்துக்கொண்டு நூறு மீட்டர் தள்ளிப்போய் நிற்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. பாதி தூரம் போனதும் நெஞ்சு படபடன்னு அடிக்குது, உள்ளங்கை வியர்க்குது, கால் தரையில் பாவவில்லை. அந்த வெட்டவெளி அப்படியே என்னை விழுங்கிவிடும் போல ஒரு திகில். அறுவடை முடிந்த வயலைக்கூட நான் வரப்போரமாகத்தான் கடப்பேன். எங்கள் வீட்டிலும் வேப்பிலை அடித்து, கயிறு கட்டிப் பார்த்தார்கள். புத்திக்கு எல்லாம் தெரியும். ஏரியில் என்ன இருக்கிறது, வெறும் தரைதானே? ஆனால் பயம் புத்தியைக் கேட்டுக்கொண்டா வருகிறது?

இதைப் பாஸ்கல் அப்போதே எழுதி வைத்திருக்கிறார். அவர் இறந்த பிறகு, 1670-இல், அவருடைய குறிப்புகள் 'சிந்தனைகள்' என்ற நூலாக வந்தன. அதில் ஓர் உதாரணம். பள்ளத்துக்கு மேலே தேவைக்கு அதிகமான அகலத்தில் ஒரு பலகை. உலகத்திலேயே பெரிய தத்துவஞானியை அதில் நிறுத்தினாலும், விழமாட்டோம் என்று அறிவு எவ்வளவு உறுதி சொன்னாலும், கற்பனைதான் ஜெயிக்கும் என்கிறார். சிவில்காரர்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், சாரப்பலகையின் ஃபாக்டர் ஆஃப் சேஃப்டி பயத்துக்குத் தெரியாது! எல்லையில்லாத வெளிகளின் மௌனம் தரும் திகிலைப் பற்றியும் ஒரு குறிப்பு உண்டு. அது அவர் சொந்தப் பயமா, கடவுளை நம்பாதவன் வாயில் வைத்த வார்த்தையா என்று அறிஞர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள்.

இப்போது நாற்காலிக்கு வருவோம். தன் இடப்பக்கம் பெரிய பாதாளம் இருப்பதாக அவருக்கு எப்போதும் தோன்றுமாம். அங்கே ஒன்றுமில்லை என்று நண்பர்கள் சொன்னால் ஒப்புக்கொள்வார். கால்மணி நேரத்தில் பாதாளம் திரும்பி வந்துவிடும். மனசைத் தேற்றிக்கொள்ள இடப்பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொள்வாராம். இது அவர் இறந்து பல காலம் கழித்து, 1737-இல் அச்சான ஒரு கடிதத்தில் வந்த கதை. முழு உண்மை என்று எல்லோரும் ஏற்பதில்லை. நானும் பாஸ்கலுக்கு இந்த நோய்தான் என்று டாக்டர் சர்டிபிகேட் தரப் போவதில்லை. ஆனாலும் கதைக்குள் ஓர் உண்மை இருக்கிறது.

1871-இல் பெர்லின் மருத்துவர் வெஸ்ட்பால், அகன்ற சதுக்கங்களைக் கடக்க முடியாமல் நடுங்கியவர்களைப் பற்றி எழுதி, அந்த அச்சத்துக்கு 'அகோராஃபோபியா' என்று பெயர் வைத்தார். அவர்களில் சிலருக்குத் துணைக்கு ஓர் ஆள், இல்லையென்றால் கையில் ஒரு தடி இருந்தாலே போதும், தைரியம் வந்துவிடும்! எனக்கும் அப்படித்தான். செயினின் மறுமுனையை நண்பன் பிடித்திருந்தால் ஏரியின் நடுவே போய்விடுவேன். இன்று இதற்கு முறையான சிகிச்சை இருக்கிறது. பயப்படும் இடத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக, திரும்பத் திரும்பப் போய்ப் பழகுவதுதான் அதில் முக்கியம். நானும் இப்போது பத்துப் பத்து மீட்டராகப் பழகி வருகிறேன். வெட்கப்பட ஒன்றுமில்லை.

நோயோடும் திகிலோடும் பாஸ்கல் முடங்கிப்போகவில்லை. 1654-இல் ஃபெர்மாவோடு கடிதம் எழுதியே நிகழ்தகவுக் கணக்குக்கு அடித்தளம் போட்டார். 1662 மார்ச்சில், ஐந்து சூ காசுக் கட்டணத்தில் ஆளேற்றிச் செல்லும் குதிரை வண்டிகள், குறித்த வழித்தடத்தில் பாரிஸ் தெருக்களில் ஓடத் தொடங்கின. இன்றைய டவுன் பஸ்ஸுக்கு முன்னோடியான அந்தத் திட்டமும் அவருடையதுதான். அதே ஆண்டு ஆகஸ்ட் 19 அன்று அக்கா வீட்டில் காலமானார். நாம் படிக்கும் அழுத்த விதி அடங்கிய நூல் அடுத்த வருஷம்தான் அச்சாயிற்று. 1971-இல் உலகம் அழுத்தத்தின் அலகுக்கே அவர் பெயரைச் சூட்டியது.

நண்பர்களே, பயம் முழுசாகப் போன பிறகுதான் வேலையைத் தொடங்க வேண்டும் என்று பாஸ்கல் காத்திருந்தால், ஒரு குழாயைக்கூட நிமிர்த்தியிருக்க மாட்டார். உங்கள் வகுப்பிலும் மைதானத்தைக் குறுக்கே கடக்காமல் சுவரோரமாகச் சுற்றிப் போகிறவன் ஒருவன் இருக்கலாம். அவனைக் கிண்டல் செய்யாதீர்கள். அவனுக்கு இடப்பக்கமாகச் சேர்ந்து நடந்து போங்கள். சில நேரம் ஒரு மனுஷனுக்குத் தேவைப்படுவது ஒரு நாற்காலி அளவு துணைதான்.