பிரிட்ஜோஃப் நான்சென்

பிரிட்ஜோஃப் நான்சென் (அக்டோபர் 10, 1861 - மே 13, 1930) நோர்வே நாட்டைச் சேர்ந்த துருவப் பயணி, விலங்கியலாளர், அரசுத் தூதர் ஆவார். உலக நாடுகள் சங்கத்தின் முதலாவது அகதிகள் உயர் ஆணையராக 1921 முதல் இறக்கும் வரை பணியாற்றினார். குடியுரிமை இழந்த மக்களுக்காக இவர் உருவாக்கிய அடையாளச் சான்றிதழ் நான்சென் கடவுச்சீட்டு என்று அழைக்கப்பட்டது. 1922 ஆம் ஆண்டு அமைதிக்கான நோபல் பரிசு இவருக்கு வழங்கப்பட்டது.

இளமையும் துருவப் பயணங்களும்

நான்சென் இன்று ஒஸ்லோ எனப்படும் கிறிஸ்தியானியா நகரின் அருகே பிறந்தார். தந்தை பால்டுர் நான்சென் ஒரு வழக்கறிஞர். மகனோ விலங்கியல் கற்று, பேர்கன் அருங்காட்சியகத்தில் பணிபுரிந்து, கடல்வாழ் உயிரினங்களின் நரம்பு மண்டலம் பற்றிய ஆய்வுக்காக 1888 இல் முனைவர் பட்டம் பெற்றார். அதே ஆண்டில் ஐந்து தோழர்களுடன் பனிச்சறுக்குக் கட்டைகளின் உதவியால் கிறீன்லாந்தின் உட்பகுதியைக் குறுக்கே கடந்தார்.

1893 இல் பிராம் என்னும் கப்பலில் வடமுனை நோக்கிப் புறப்பட்டார். பனிக்கட்டி நெருக்கினாலும் நொறுங்காமல் மேலெழும்படி அக்கப்பலின் அடிப்பகுதி உருண்டையாக வடிவமைக்கப்பட்டிருந்தது. 1895 இல் கப்பலை விட்டிறங்கி, யால்மார் யொகான்சென் என்பவருடன் 86 பாகை 14 கலை வட அகலாங்கு வரை சென்றார். அதற்கு முன்னர் எவரும் அவ்வளவு வடக்கே சென்றதில்லை. 1896 இல் நாடு திரும்பியபோது இவர் உலகப் புகழ் பெற்றிருந்தார்.

நோர்வே 1905 இல் சுவீடனிடமிருந்து பிரிந்தபின், 1906 முதல் 1908 வரை இலண்டனில் நோர்வேயின் தூதராக இருந்தார்.

போர்க்கைதிகளும் பஞ்சமும்

முதலாம் உலகப் போர் முடிந்த பின்னரும் பல இலட்சம் கைதிகள் சைபீரியா முதலிய இடங்களில் சிக்கியிருந்தனர். அவர்களை ஊர் சேர்க்கும் பணியை உலக நாடுகள் சங்கம் 1920 இல் நான்செனிடம் ஒப்படைத்தது. 1922 ஆம் ஆண்டுக்குள் ஏறத்தாழ 427,000 பேர் வீடு திரும்பினர். இப்பணியில் இவருக்கு உதவியோருள் பிலிப் நோயல்-பேக்கர் ஒருவர். அவரும் பிற்காலத்தில் (1959) அமைதிக்கான நோபல் பரிசு பெற்றார்.

1921 இல் உருசியாவில் கடும் பஞ்சம் ஏற்பட்டது. நான்சென் கேட்ட கடனை வழங்க அரசுகள் மறுத்தன. சோவியத் ஆட்சிக்கு அது துணைபோகும் என்பது அவற்றின் அச்சம். எனவே தனியாரிடமும் தொண்டு அமைப்புகளிடமும் நிதி திரட்டினார்.

நான்சென் கடவுச்சீட்டு

உருசியப் புரட்சியையும் உள்நாட்டுப் போரையும் அடுத்து, பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அந்நாட்டை விட்டு வெளியேறினர். 1921 இறுதியில் சோவியத் அரசு அவர்களுள் பெரும்பாலானோரின் குடியுரிமையை நீக்கியது. பழைய பேரரசின் கடவுச்சீட்டும் செல்லாததாயிற்று. ஆவணம் இல்லாதவர் எல்லை கடக்க முடியவில்லை. வேலை இருக்கும் நாட்டுக்குச் செல்லவும் வழியில்லை. ஒரு நாட்டிலிருந்து வெளியேற்றப்பட்டால், வேறெந்த நாடும் அவரை ஏற்கக் கடமைப்பட்டிருக்கவில்லை. உணவும் உடையும் தருவதோடு இச்சிக்கல் தீராது என்பதை நான்சென் உணர்ந்தார்.

1922 சூலையில் ஜெனீவாவில் இவர் கூட்டிய மாநாட்டில் அகதிகளுக்கான அடையாளச் சான்றிதழ் ஏற்றுக்கொள்ளப்பட்டது. அதனைச் சங்கம் வழங்கவில்லை. அகதி தங்கியிருந்த நாட்டின் அரசே வழங்கியது. அது ஓராண்டுக்குச் செல்லுபடியாகும். குடியுரிமை எதையும் அது தரவில்லை. வழங்கிய நாட்டுக்குத் திரும்பி வரும் உரிமையும் முதலில் அதில் இல்லை. அதனால், வந்தவரைத் திருப்பி அனுப்ப இயலாதே எனக் கருதி நுழைவனுமதி தரப் பிற நாடுகள் தயங்கின. 1926 இல் செய்யப்பட்ட ஏற்பாடு, திரும்பி வர அனுமதி அளிக்குமாறு அரசுகளுக்குப் பரிந்துரைத்து இக்குறையை ஓரளவு தீர்த்தது. சான்றிதழில் ஒட்டப்பட்ட ஐந்து பொற்பிராங்கு மதிப்புள்ள நான்சென் முத்திரை மூலம் அகதிகளுக்கான நிதியும் சேர்ந்தது. வறியவர்களுக்குக் கட்டணம் இல்லை.

இச்சான்றிதழ் 1924 இல் ஆர்மீனியருக்கும், 1928 இல் அசிரியர் முதலிய வேறு சில மக்களுக்கும் விரிவாக்கப்பட்டது. காலப்போக்கில் 50க்கும் மேற்பட்ட அரசுகள் அதனை ஏற்றன. இசையமைப்பாளர் இகோர் ஸ்திராவின்சுகி, எழுத்தாளர் விளாதிமிர் நபோக்கொவ், ஓவியர் மார்க் சாகல் ஆகியோரும் இதனை வைத்திருந்தோருள் அடங்குவர்.

சட்ட உதவி

வெளிநாட்டில் வாழும் ஒருவருக்குத் திருமணம், பிறப்பு, கல்வி பற்றிய சான்றுகள் தேவைப்பட்டால் அவரது நாட்டுத் தூதரகம் அவற்றைத் தரும். அகதிக்குத் தூதரகம் இல்லை. சூன் 30, 1928 அன்று ஜெனீவாவில் செய்யப்பட்ட ஏற்பாடு இவ்வெற்றிடத்தை நிரப்ப முயன்றது. அதன்படி உயர் ஆணையரின் பிரதிநிதிகள் அகதியின் அடையாளத்தையும் குடும்ப நிலையையும் உறுதிப்படுத்தலாம். கையொப்பங்களுக்கும் மொழிபெயர்ப்புகளுக்கும் சான்றளிக்கலாம். நுழைவனுமதி, வதிவிட அனுமதி, பள்ளிச் சேர்க்கை ஆகியவற்றுக்காக அதிகாரிகளிடம் பரிந்துரைக்கலாம்.

நீதிமன்றம் செல்வதிலும் தடை இருந்தது. பல நாடுகளில், வழக்குத் தொடுக்கும் வெளிநாட்டவர் செலவுக்கு ஈடாகப் பிணைத்தொகை கட்ட வேண்டும். இலவச சட்ட உதவியோ, பதிலுக்கு அதே சலுகையைத் தரும் நாட்டின் குடிமக்களுக்கே கிடைத்தது. நாடே இல்லாதவருக்குப் பதில் சலுகை தர யாருமில்லை. எனவே பதில் சலுகையை எதிர்பாராமல் அகதிகளுக்குச் சட்ட உதவி வழங்கவும், இயன்றவரை பிணைத்தொகையிலிருந்து விலக்களிக்கவும் 1928 ஏற்பாடு கேட்டுக்கொண்டது. எனினும் இவை பரிந்துரைகளே, அரசுகளைக் கட்டுப்படுத்தவில்லை.

விமர்சனங்கள்

1922 இல் கிரேக்க-துருக்கிப் போரின் முடிவில் இரு நாடுகளுக்குமிடையே மக்கள் பரிமாற்றத்தை முன்மொழிந்தவர்களுள் நான்செனும் ஒருவர். 1923 சனவரியில் லோசானில் கையெழுத்தான உடன்படிக்கை அதனைக் கட்டாயமாக்கியது. சமய அடிப்படையில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட கிறித்தவர்களும் மூன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட முசுலிம்களும் சொந்த மண்ணை இழந்தனர். கிறித்தவருள் பெரும்பாலோர் உடன்படிக்கைக்கு முன்பே தப்பி ஓடியிருந்தனர். மேலும் படுகொலைகளைத் தவிர்க்க இது உதவியது என்போர் உண்டு. ஆனால் ஊரை விட்டு அகற்றப்பட்டவர்களின் விருப்பம் கேட்கப்படவில்லை என்பதும், பிற்காலத்தில் கட்டாய இடப்பெயர்வுகளுக்கு இது முன்மாதிரியாகக் காட்டப்பட்டது என்பதும் இம்முயற்சி மீதான முக்கியக் குறைகளாகும்.

ஆர்மீனிய அகதிகளைச் சோவியத் ஆர்மீனியாவில் நீர்ப்பாசனத் திட்டங்கள் மூலம் குடியேற்ற 1925 முதல் இவர் வகுத்த திட்டத்துக்கும் சங்கம் போதிய நிதி வழங்கவில்லை.

மறைவும் தாக்கமும்

நான்சென் மே 13, 1930 அன்று லிசாக்கரில் உள்ள தமது இல்லத்தில் காலமானார். நோர்வேயின் அரசியலமைப்பு நாளான மே 17 அன்று அரசு மரியாதையுடன் இறுதிச் சடங்கு நடைபெற்றது. இவரது பணியைத் தொடர அமைக்கப்பட்ட நான்சென் பன்னாட்டு அகதிகள் அலுவலகம் 1938 இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றது.

அகதிகளின் நீதிமன்ற அணுக்கம் 1933 ஆம் ஆண்டு உடன்படிக்கையில் இடம்பெற்றது. ஆனால் மிகச் சில நாடுகளே அதனை உறுதிசெய்தன. 1951 ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையின் 16 ஆம் பிரிவு, நீதிமன்ற அணுக்கத்துடன் சட்ட உதவியையும் உரிமையாக்கியது. 28 ஆம் பிரிவு பயண ஆவணங்களைப் பற்றியது. நான்சென் காலத்து ஏற்பாடுகளின்கீழ் அகதிகளாகக் கருதப்பட்டோரையும் இவ்வுடன்படிக்கை அகதிகளாக ஏற்கிறது. ஐக்கிய நாடுகள் அகதிகள் உயர் ஆணையரகம் 1954 முதல் நான்சென் பெயரில் விருது வழங்கி வருகிறது.