சார்க்கோ என்னும் நரம்பியல் அறிஞர்

நரம்பு நோய்களின் இயல்பை ஆராய்ந்து உலகிற்கு உணர்த்திய அறிஞருள் தலைசிறந்தவர் ழான் மார்ட்டின் சார்க்கோ என்பவர். அவர் 1825-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 29-ஆம் நாள், பாரிஸ் மாநகரில், வண்டி செய்யும் தொழிலாளி ஒருவருக்கு மகனாகப் பிறந்தார்.

1862-ல் சல்பெட்ரியேர் மருத்துவமனையில் மருத்துவராக அமர்ந்தார். முன்னாளில் வெடிமருந்துச் சாலையாயிருந்த அவ்விடம், பின்னர் ஆயிரக்கணக்கான ஏழைப் பெண்டிர்க்குப் புகலிடமாயிற்று. தீரா நோயாளர் நிறைந்த அவ்விடமே சார்க்கோவுக்குக் கல்விச்சாலையாயிற்று. நோயாளர் உயிரோடிருக்கையில் தோன்றிய குறிகளை எழுதி வைத்து, அவர் இறந்தபின் மூளையையும் முதுகுத்தண்டையும் சோதித்து, இரண்டையும் ஒப்பிடுவதே அவர் கைக்கொண்ட முறையாகும்.

அவர் மாணாக்கராகிய பிராய்டு ஒரு செய்தியை எழுதிவைத்துள்ளார். சார்க்கோ இளைஞராயிருந்தபோது, கைநடுக்கத்தால் எங்கும் வேலை கிடையாத பெண்ணொருத்தியைத் தம் இல்லத்தில் அமர்த்திக்கொண்டார். அவள் கையில் தட்டுகளும் கிண்ணங்களும் உடைந்தவண்ணமிருந்தன, பெரும்பொருள் செலவாயிற்று. ஆயினும் அவளை அவர் விலக்கினாரல்லர். அவள் இறந்தபின், அந்நடுக்கத்திற்குக் காரணம் மூளையிலும் தண்டிலும் ஆங்காங்கே படிந்த தழும்புகளே என நிறுவினார்.

அத்தழும்புகளை முன்னரே சிலர் கண்டு வரைந்திருந்தனர். அவற்றைத் தனியொரு நோயாக வகுத்து, 1868-ல் விரிவுரைகளால் விளக்கியவர் சார்க்கோவே. கண்மணி துடித்தல், ஒன்றை எடுக்க முயலுங்கால் கை நடுங்கல், சொற்கள் துண்டுபட்டு வெளிப்படல் என்னும் மூன்றும் அவர் காட்டிய குறிகள். வெள்ளியுப்பு முதலிய மருந்துகளை அளித்துப் பார்த்தார், பயனில்லை.

அதன் காரணத்தை அவர் அறிந்திலர். பகைக் கிருமிகளை எதிர்க்க வேண்டிய வெள்ளணுக்கள், நரம்பிழைகளைப் போர்த்துள்ள மையலின் என்னும் கொழுப்புறையையே பகையெனக் கொண்டு அழிக்கின்றன. உறை அழிந்த நரம்பிற் செய்தி தடைப்படுகின்றது. எப்ஸ்டீன் பார் வைரஸ் தொற்றுக்கும் இந்நோய்க்கும் நெருங்கிய தொடர்புண்டென 2022-ல் ஆராய்ச்சியாளர் காட்டினர். நோய் திடீரென முற்றுங்கால் ஸ்டீராய்டு மருந்து வீக்கத்தைத் தணிக்கும். 1993-ல் அமெரிக்காவில் இசைவு பெற்ற இன்டர்பெரான் அத்தகைய தாக்குதல்களைக் குறைத்தது. 2017-ல் வந்த ஆக்ரெலிசுமாப் பி-அணுக்களை நீக்கி நோயை இன்னும் அடக்குகின்றது. எனினும், அழிந்ததை முழுதும் மீட்கும் மருந்து இல்லை.

1882-ல் நரம்பு நோய்த்துறைப் பேராசிரியரான சார்க்கோ, 1893-ஆம் ஆண்டு ஆகஸ்டு 16-ஆம் நாள் காலமானார். துயிலூட்டும் வித்தையைப் பற்றி அவர் பிற்காலத்திற் கூறியவை பல நிலைபெறவில்லை. தழும்பு நோயைப் பற்றி அவர் கண்டவை நிலைத்தன. தீர்க்க இயலாத நோயையும் பொறுமையோடு உற்று நோக்கினால், பின்வருவோர் அதனைத் தணிக்க வழி பிறக்கும் என்பதை அவர் வாழ்க்கை நமக்குக் காட்டுகின்றது.