தச்சர் மகள் கண்ட உண்மை: நெட்டி ஸ்டீவன்ஸ் அம்மையார் வாழ்க்கை

பிறக்கும் மகவு ஆணாவதும் பெண்ணாவதும் எதனால் என்பது மிகப் பழைய வினா. கருவுற்ற தாய் உண்ட உணவே காரணம் என்றனர் சிலர். வெப்பமும் குளிருமே காரணம் என்றனர் வேறு சிலர். 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் அறிவியலாளர் பலர் இவ்வாறே எண்ணியிருந்தனர். பெண் மகவையே பெற்றாள் என்னும் பழியோ பல நாடுகளிலும் தாயின் தலைமீதே விழுந்தது. அப்பழிக்கு அடிப்படையே இல்லை என்று காட்டிய ஆய்வைச் செய்தவர், அமெரிக்க நாட்டில் ஒரு தச்சரின் மகளாகப் பிறந்த நெட்டி மரியா ஸ்டீவன்ஸ் அம்மையார் ஆவார்.

அம்மையார் 1861ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 7ஆம் நாள் வெர்மான்ட் மாநிலத்தின் கேவண்டிஷ் என்னும் ஊரில் பிறந்தார். இளமையிலேயே தாயை இழந்தார். தந்தையார் மாசசூசெட்ஸ் மாநிலத்து வெஸ்ட்ஃபோர்டில் குடியேறித் தச்சுத் தொழில் செய்து, தம் பெண் மக்களைப் பள்ளிக்கு அனுப்பினார். 1880இல் பள்ளிப் படிப்பை முடித்த நெட்டி ஆசிரியப் பணி ஏற்றார். பின்னர் வெஸ்ட்ஃபீல்டு ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து, நான்கு ஆண்டுப் பாடத்தை இரண்டே ஆண்டுகளில் முடித்து, 1883இல் முதல் மாணவியாகத் தேறினார்.

ஆயினும் பல்கலைக்கழகக் கல்வி உடனே கிட்டவில்லை. அதற்குப் பொருள் வேண்டுமன்றோ? பதின்மூன்று ஆண்டுகள் பள்ளி ஆசிரியையாகவும் நூலகப் பணியாளராகவும் உழைத்துச் சிறுகச் சிறுகச் சேமித்தார். 1896இல், தம் 35ஆம் அகவையில், கலிபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மாணவியாகச் சேர்ந்தார். தம்மினும் மிக இளையோருடன் அமர்ந்து கற்க அவர் நாணவில்லை. 1899இல் இளங்கலைப் பட்டமும் 1900இல் முதுகலைப் பட்டமும் பெற்றார்.

அடுத்து அவர் சென்றது பென்சில்வேனியாவின் பிரின் மார் மகளிர் கல்லூரி. பெண்களுக்கு ஆராய்ச்சிப் பட்டம் வழங்கிய கல்வி நிலையங்கள் அரிதாக இருந்த அந்நாளில் அதனை வழங்கிய கல்லூரி அது. அங்கு தாமஸ் ஹண்ட் மார்கன் என்னும் பேரறிஞர் அவருக்கு ஆசானாக வாய்த்தார். கல்லூரி அளித்த உதவித்தொகையால் இத்தாலியின் நேப்பிள்ஸ் கடல்வாழ் உயிரியல் நிலையத்திலும், செருமனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில் தியடோர் போவெரி என்னும் அறிஞரிடத்தும் பயின்று திரும்பினார். 1903இல் முனைவர் பட்டம் பெற்றார்.

பட்டம் கிடைத்தது, பிழைப்பிற்கு வழி கிடைக்கவில்லை. மீண்டும் பள்ளி ஆசிரியப் பணிக்குச் சென்றால் ஆராய்ச்சி நின்றுவிடும். இந்நிலையில் அம்மையார் வாளாவிருக்கவில்லை. வாஷிங்டன் கார்னகி நிறுவனத்திற்குத் தம் பொருள் நிலையை ஒளிக்காமல் எழுதி உதவி கேட்டார். மார்கனும், கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் எட்மண்ட் வில்சனும் அவர் திறமைக்குச் சான்று கூறி எழுதினர். 1904இல் உதவித்தொகை கிடைத்தது.

அவ்வுதவி வீண் போகவில்லை. மாவிலும் தானியத்திலும் வளரும் ஒரு வகை வண்டினை அம்மையார் நுண்ணோக்கியின்கீழ் ஆராய்ந்தார். பெண் வண்டின் உயிரணுவில் 20 பெரிய குரோமோசோம்கள் இருந்தன. ஆண் வண்டிலோ 19 பெரியனவும் ஒன்று மிகச் சிறியதுமாக இருந்தன. ஆகவே முட்டைகள் எல்லாம் பத்துப் பெரிய குரோமோசோம்களையே கொண்டிருக்கும். விந்தணுக்களில் மட்டும் ஒரு பாதி பத்துப் பெரியனவற்றையும், மறுபாதி ஒன்பது பெரியனவற்றோடு ஒரு சிறியதையும் தாங்கி வரும். முன்னது சேர்ந்தால் பெண். பின்னது சேர்ந்தால் ஆண். அதாவது, பாலினத்தை முடிவு செய்வது தந்தை வழி வரும் விந்தணுவே. 1905இல் கார்னகி நிறுவனமே இவ்வாய்வை நூலாக வெளியிட்டது. எக்ஸ், ஒய் என்று இன்று மாணவர் படிக்கும் குரோமோசோம்களின் செய்தி இதுவே. மனித இனத்திற்கும் இவ்விதி பொருந்தும் எனப் பின்னர் அறியப்பட்டது.

அதே ஆண்டில் வில்சனும் தனியே ஆராய்ந்து இதனையொத்த முடிவுக்கு வந்தார். ஆயினும் சூழ்நிலைக்கும் பங்கு உண்டோ என்று அவர் தயங்கிய இடத்தில் அம்மையார் தெளிவுடன் நின்றார். ஆசான் மார்கன்கூட இம்முடிவை உடனே ஏற்கவில்லை. 1910 முதல் பழ ஈக்களில் தாம் செய்த ஆய்வே அவர் கருத்தை மாற்றியது. மார்கனுக்கு 1933இல் நோபல் பரிசு கிடைத்தது. அதைக் காண அம்மையார் உயிருடன் இல்லை. பாடநூல்களிலும் நெடுங்காலம் ஆண் அறிஞர் பெயர்களே முன்னின்றன.

பல வகை வண்டுகளிலும் ஈக்களிலும் ஆய்வைத் தொடர்ந்த அம்மையார், பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ 40 கட்டுரைகள் வெளியிட்டார். எனினும் கல்லூரியில் முழுப் பேராசிரியர் பதவியை அவர் எய்தவில்லை. இறுதியில் பிரின் மார் கல்லூரி அவருக்கெனவே ஓர் ஆராய்ச்சிப் பேராசிரியர் பதவியை உருவாக்கியது. அதனை ஏற்கும் முன்னரே, மார்பகப் புற்றுநோயால் 1912ஆம் ஆண்டு மே 4ஆம் நாள், பால்டிமோர் நகரில், தம் 50ஆம் அகவையில் மறைந்தார்.

இவ்வரலாற்றில் இளைஞர்கள் எண்ணிப் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. கல்லூரியின் உதவித்தொகையும், சான்றோர் இருவரின் பரிந்துரையும், ஓர் நிறுவனத்தின் நிதியும் உரிய வேளையில் வந்தமையால் உலகிற்கு ஓர் உண்மை கிடைத்தது. பேராசிரியர் பதவி காலம் தாழ்ந்து வந்தமையால் அது எவருக்கும் பயன்படவில்லை. மேலும் பதின்மூன்று ஆண்டுகள் சேமிப்பிலேயே கழிந்தன. அக்காலத்தில் செய்திருக்கக்கூடிய ஆய்வு எத்துணையோ! ஆதலின், கற்கும் இளைஞர் தகுதிக்குரிய உதவியைக் கேட்க நாணுதல் வேண்டா. அது இரத்தல் அன்று. உதவும் நிலையில் உள்ளோர் நாளை பார்ப்போம் என்று தள்ளிப் போடுதலும் வேண்டா. விதைக்கும் பருவம் தவறினால் நல்ல விதையும் பயன் தராது என்பதை உழைக்கும் மக்களாகிய நாம் நன்கு அறிவோம்.