காமிராவோடு காடு புகுந்தவர்

புலியைச் சுட்டு, அதன் மேல் காலை ஊன்றிப் படம் எடுத்துக்கொள்வது ஒரு காலத்தில் பெரிய பெருமை. ராஜாக்களும் ஜமீன்தார்களும் வெள்ளைக்கார துரைமார்களும் அப்படித்தான் காட்டுக்குப் போனார்கள்.

அப்படிப்பட்ட காலத்திலே பிறந்த ஒருவர், காமிராவையும் நோட்டுப் புத்தகத்தையும் தூக்கிக்கொண்டு காடு காடாக அலைந்தார். அவர் மலைநாட்டுக்காரர் அல்ல. காட்டு இலாகா அதிகாரியும் அல்ல. சென்னை மயிலாப்பூர்வாசி! அவர்தான் மா. கிருஷ்ணன்.

கடைக்குட்டி

1912-ம் ஆண்டு ஜூன் 30-ந் தேதி கிருஷ்ணன் பிறந்தார். தகப்பனார் அ. மாதவையா. பத்மாவதி சரித்திரம் என்ற நாவலை எழுதிப் புகழ்பெற்றாரே, அதே மாதவையாதான். அவருக்கு எட்டுக் குழந்தைகள். கடைக்குட்டி கிருஷ்ணன்.

உப்பு இலாகா உத்தியோகத்தை விட்டுவிட்டு மாதவையா மயிலாப்பூரில் குடியேறினார். எட்வர்டு எலியட்ஸ் ரோட்டில் வீடு. இன்றைக்கு அந்த ரோடுதான் டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலை. இன்று அங்கே சாலையைக் கடப்பதே பெரும்பாடு. அன்றைக்கோ மயிலாப்பூரைச் சுற்றிப் புதர்க்காடு! நரிகள் திரிந்தன. வெளிமான்கள் துள்ளின. பறவைகளுக்குக் கணக்கே இல்லை. சிறுவன் கிருஷ்ணனுக்கு அதுவே பள்ளிக்கூடம். வீட்டிலே ஒரு கீரிப்பிள்ளையையும் வளர்த்தான்.

அந்த இன்பத்துக்கு நடுவே ஓர் இடி விழுந்தது. 1925-ம் ஆண்டு அக்டோபர் மாதம் சென்னைப் பல்கலைக்கழக செனட் கூட்டம் நடந்தது. பட்டப் படிப்பிலே தமிழுக்கு இடம் வேண்டும் என்று மாதவையா வாதாடினார். பேசி முடித்த சிறிது நேரத்தில் அங்கேயே உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு வயது 53. கடைசி மகனுக்கு வயது 13.

மலையேறிய மாணவர்

பிறகு கிருஷ்ணன் மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே தாவரவியல் பேராசிரியராக இருந்தவர் பைசன் துரை. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செடி கொடிகளை ஆராயப் போகும்போது அவர் இந்த மாணவரையும் அழைத்துப் போவார். பைசனின் மனைவி நன்றாகச் சித்திரம் எழுதுவார். அந்த அம்மையாரிடம் கிருஷ்ணன் வர்ணம் தீட்டக் கற்றுக்கொண்டார்.

பட்டம் பெற்றார். சட்டமும் படித்தார். ஆனால் மனம் கோர்ட்டிலே நிற்கவில்லை. அண்ணன் அனந்தநாராயணனோ ஐ.சி.எஸ். தேறி, பின்னாளில் சென்னை ஹைக்கோர்ட்டின் பிரதம நீதிபதியாகவே உயர்ந்தார். அப்படிப்பட்ட குடும்பத்திலே, காட்டைச் சுற்றும் பிள்ளை பிழைப்புக்கு என்ன செய்வது?

1942-ம் ஆண்டு பெல்லாரிக்குப் பக்கத்தில் உள்ள சந்தூர் சமஸ்தானத்தில் வேலை கிடைத்தது. பள்ளி ஆசிரியர், நீதிபதி, விளம்பர அதிகாரி, மகாராஜாவின் அரசியல் காரியதரிசி என்று பல பதவிகளை வகித்தார். ஓய்வு கிடைத்தால் போதும், மலையும் காடும்தான்! ஆடு மேய்த்துப் பார்த்தார். தபால் கொண்டுபோகும் புறாக்களையும் வளர்த்தார்.

சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்ததும் கிருஷ்ணன் சென்னைக்குத் திரும்பினார். இனி மாதச் சம்பளம் வேண்டாம் என்று துணிந்தார். குடும்பஸ்தர் எடுக்கக்கூடிய முடிவா அது? காட்டிலே யானைக்கு எதிரே நிற்பதைவிட அதற்குத்தான் அதிகத் துணிச்சல் வேண்டும்!

46 ஆண்டுகள்

1950-ம் ஆண்டு கல்கத்தாவிலிருந்து வெளிவரும் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் எழுதத் தொடங்கினார். யானை, புலி மட்டுமா? காக்கை, அணில், தெருவில் திரியும் கழுதை, வீட்டு நாய் எல்லாவற்றையும் பற்றி எழுதினார். கூர்ந்து பார்த்தால் கொல்லைப்புறமும் ஒரு காடுதான் என்று படித்தவர்களுக்குப் புரிந்தது.

அவருடைய காமிராவும் அவரைப் போலவே தனி ரகம். பல பாகங்களைச் சேர்த்துத் தாமே அமைத்துக்கொண்டது! கறுப்பு வெள்ளைப் படங்களையே அவர் விரும்பினார். முதுமலை போன்ற காடுகளில் காட்டு யானைகளைத் தேடித் தேடிப் படம் பிடித்தார். வேட்டைக்காரனுக்கு ஒரு நொடி போதும். படம் பிடிப்பவனுக்கு நாள் முழுவதும் பொறுமை வேண்டும். அந்தப் பொறுமை அவரிடம் இருந்தது.

மனிதரிடம் மட்டும் அவ்வளவு பொறுமை கிடையாது! மனத்தில் பட்டதைச் சொல்லிவிடுவார். நம் மண்ணுக்குச் சொந்தமான மரங்களை வெட்டிவிட்டு, யூகலிப்டஸ் போன்ற வெளிநாட்டு மரங்களை நடுவதை அவர் கடுமையாக எதிர்த்தார். உணவு தரும் மரம் போனால், அதை நம்பிய விலங்கும் பறவையும் போய்விடும் அல்லவா?

1968-ல் நேரு பெயரால் வழங்கும் ஆராய்ச்சி நிதி அவருக்குக் கிடைத்தது. அதைக் கொண்டு தென்னாட்டுக் காடுகளில் விலங்குகளின் நிலையை ஆராய்ந்து எழுதினார். மத்திய அரசின் காட்டுயிர் வாரியத்திலும் அங்கம் வகித்தார். 1972-ல் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. புலி வேட்டை பெருமையாக இருந்த காலம் போய், குற்றமாகிவிட்டது. பத்மஸ்ரீ பட்டமும் அவரைத் தேடி வந்தது.

கடைசி நாள்

1996-ம் ஆண்டு பிப்ரவரி 18-ந் தேதி கிருஷ்ணன் காலமானார். வயது 83. அன்றைய ஸ்டேட்ஸ்மனிலும் அவருடைய கட்டுரை வெளியாகியிருந்தது! தகப்பனார் பேசிய கையோடு மறைந்தார். மகனோ எழுதிய கையோடு மறைந்தார்.

தமிழில் அவர் எழுதிய கட்டுரைகள் பிற்பாடு மழைக்காலமும் குயிலோசையும் என்ற புத்தகமாக வந்தன. அவரை அறிய விரும்புகிறவர்கள் அதைப் படிக்கலாம்.

மயிலாப்பூரில் இன்று வெளிமான் இல்லை, நரியும் இல்லை. ஆனால் அதிக தூரம் போகவேண்டாம். கிண்டிக் காட்டில் வெளிமான்கள் இன்னும் இருக்கின்றன. விடுமுறை நாளில் குழந்தைகளை அங்கே அழைத்துப் போங்கள். சத்தம் போடாமல், கல் எறியாமல், சற்று நேரம் நின்று பார்க்கச் சொல்லுங்கள். மயிலாப்பூர்ச் சிறுவன் கிருஷ்ணன் காடு பழகத் தொடங்கியதும் அப்படித்தான்!