12 பேர் உயிர் கொடுத்து வாங்கிய உரிமை! காரைக்காலுக்கும் சேர்த்துப் போராடிய வ.சுப்பையா

காரைக்கால்:

நாகூரைத் தாண்டி வாஞ்சூரில் கால் வைத்தால் அந்தக் காலத்தில் ராஜ்யமே வேறு. அந்தப் பக்கம் பிரிட்டிஷ்காரன், இந்தப் பக்கம் பிரெஞ்சுக்காரன்.

வேலையில் கை, கால் போனால் முதலாளி நஷ்டஈடு தரணும் என்று பிரிட்டிஷ் இந்தியாவில் 1923-ல் சட்டம் போட்டார்கள். 1924 ஜூலை 1-ந் தேதி அமலுக்கு வந்தது. அது நாகூரோடு நின்றுவிட்டது. காரைக்காலில் செல்லாது.

பிரெஞ்சு எல்லைக்குள் தொழிலாளி சங்கம் வைக்கவே உரிமை இல்லை. அடிபட்டவன் தன்னந்தனியாகப் போய் முதலாளி வாசலில் நிற்க வேண்டியதுதான். மனசு வைத்தால் ஏதோ கொடுப்பார். இல்லாவிட்டால் இல்லை.

இந்த நிலைமையை உடைத்தவர் வ.சுப்பையா. 7-2-1911-ல் புதுச்சேரியில் பிறந்தவர். 23 வயசிலேயே "சுதந்திரம்" என்று சொந்தமாகப் பத்திரிகை ஆரம்பித்தார். மகாத்மா காந்தி புதுச்சேரிக்கு வந்ததும் அதே 1934-ல்தான். அரிசன சேவையில் இறங்கிய சுப்பையா, சேரிகளுக்குப் போய் வந்தபோது மில் தொழிலாளியின் வாழ்க்கையை நேரில் பார்த்தார்.

புதுச்சேரியில் அப்போது 3 பெரிய மில்கள். சவானா, ரோடியர், கப்ளே. 1935-ல் சவானாவில் பெரிய ஸ்டிரைக். மறு வருஷம் எட்டு மணி நேர வேலை, சங்கம் வைக்கும் உரிமை என்று கோரிக்கை வலுத்தது. பிரான்சிலும் அந்த 1936 கோடையில் லட்சக்கணக்கான தொழிலாளிகள் ஆலைக்குள்ளேயே உட்கார்ந்து போராடினார்கள். அங்கே 8 மணியைவிடக் குறைவாக, வாரம் 40 மணி என்றே சட்டம் வந்தது. இங்கே கிடைத்தது துப்பாக்கிக் குண்டு.

சுட்டார்கள்!

30-7-1936. சவானா மில் வாசலில் துப்பாக்கிச் சூடு. 12 தொழிலாளிகள் பலியானார்கள். காயம் பட்டவர்கள் ஏராளம்.

செய்தி கடல் கடந்து பாரிசுக்குப் போனது. அங்கே லியோன் புளூம் தலைமையில் இடதுசாரிக் கூட்டணி ஆட்சி. சுப்பையாவும் 1937-ல் பாரிசுக்கே போய் வாதாடினார். 6-4-1937-ல் தொழிலாளர் சட்டம் பிறந்தது. எட்டு மணி நேர வேலை, சங்கம் வைக்கும் உரிமை. ஆசியாவிலேயே இதுதான் முதல் என்று புதுவையில் பெருமையாகச் சொல்வார்கள்.

காரைக்காலில் அந்த மாதிரி மில் கிடையாது. ரத்தம் சிந்தியது புதுச்சேரிக்காரன். ஆனால் சட்டம் பிரெஞ்சிந்தியா முழுக்கத்தான்! அதற்கப்புறம் அடிபட்டவனுக்குக் கூட நின்று கேட்க சங்கம் என்று ஒன்று இருந்தது. நஷ்டஈட்டுக்கு முதல் படியே அதுதானே.

சுப்பையா சும்மா விடப்படவில்லை. சிறை, நாடு கடத்தல் எல்லாம் பார்த்தார். 1947-ல் பாரிஸ் மேல்சபைக்குத் தேர்வானார். 1950 ஜனவரியில் அவர் வீட்டுக்கே தீ வைத்தார்கள். 1-11-1954-ல் காரைக்காலும் புதுச்சேரியும் இந்தியாவோடு சேர்ந்தன. பிறகு எதிர்க்கட்சித் தலைவர், 1969-ல் பரூக் மந்திரிசபையில் மந்திரி. 12-10-1993-ல் காலமானார். 2011-ல் நூற்றாண்டுக்குத் தபால் தலை வெளியிட்டார்கள்.

இப்போது?

இன்று வாஞ்சூருக்கு இந்தப் பக்கம் ஒரு சட்டம், அந்தப் பக்கம் ஒரு சட்டம் இல்லை. 1923 சட்டத்தின் இடத்தில் 21-11-2025 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடக்கிறது. இ.எஸ்.ஐ. இருந்தால் அதில் கேட்கணும். இல்லாதவர்களுக்கு முதலாளிதான் பொறுப்பு.

கணக்கு இப்படி: 30 வயசு, மாதச் சம்பளம் 10,000 ரூபாய். இனி வேலையே செய்ய முடியாது என்றால் சம்பளத்தில் 60 சதவீதம், அதை 207.98-ஆல் பெருக்கணும். ரூ.12,47,880 வரும். வயசு ஏற ஏற அந்த எண் குறையும்.

வேலைக்குப் போகிற வழியிலோ திரும்புகிற வழியிலோ விபத்து நடந்து, அது வேலையோடு சம்பந்தப்பட்டது என்று காட்டினால் அதுவும் சேர்த்தி. பஸ்ஸில் இதைப் படிக்கிறவர்கள் கவனிக்க! முதலாளி ஒரு மாதத்துக்கு மேல் இழுத்தடித்தால் 12 சதவீத வட்டி உண்டு. உரிய அதிகாரியிடம் மனு கொடுக்க 2 வருஷம் அவகாசம். ஆள் இறந்துபோனால் பணத்தை அந்த அதிகாரியிடம்தான் கட்டணும். வீட்டுக்கு வந்து கையில் கொஞ்சம் கொடுத்து வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்கிப்போனால், கணக்கு அதோடு தீராது.